புல்தரைக்கு ஆர்கானிக் உரமா? மூட்டையோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற தோட்டப் பக்கத்தை விடாம படிக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன். காய்கறிச் செடின்னா எவ்வளவு எரு, எப்போ போடணும்னு புட்டுப் புட்டு வைக்கிறீங்க, ரோஜாவுக்கும் அப்படித்தான், தொட்டிச் செடிக்கும் அப்படித்தான், ஆனா வீட்டைச் சுத்தி இருக்குற புல்தரைன்னு ஒரு கேள்வி வந்தா மட்டும் "நல்ல ஆர்கானிக் உரமா பார்த்து வாங்கிப் போடுங்க"ன்னு ஒரே வரியில பதில் முடிஞ்சுடுது. எது நல்ல உரம், எங்க தேடுறது, எவ்வளவு போடுறதுன்னு தெரியாமத்தானே அந்த வாசகரே எழுதிக் கேட்டிருக்காரு? அதனால இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க, முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். ஆர்கானிக் உரத்தை மூட்டையோட முன்பக்கத்தைப் பார்த்து வாங்கக்கூடாது, பின்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கணும், பின்பக்கத்துல ஒண்ணுமே போடலன்னா அந்த மூட்டையைத் தொடாம வந்துடணும். முன்பக்கத்துல பச்சைப் பசேல்னு ஒரு புல்வெளி போட்டோ இருக்கும், "நூறு சதவீதம் இயற்கை"ன்னு இருக்கும், ஒரு இலை படம் இருக்கும், இதுல எதுவுமே உள்ள புல்லுக்கு எவ்வளவு சத்து இருக்குன்னு சொல்லாது. பின்னாடி சின்ன எழுத்துல மூணு நம்பர் இருக்கணும், 5-1-1ன்னோ 3-2-2ன்னோ. முதல் நம்பர் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ரெண்டாவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மூணாவது சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம். 5ன்னு இருந்தா நூறு கிலோ உரத்துல அஞ்சு கிலோ தழைச்சத்து இருக்குன்னு அர்த்தம், மத்த ரெண்டு சத்தும் போக மீதி எல்லாம் மக்குற பொருள், ஈரம், சாம்பல், மண்ணு.

இந்த முதல் நம்பரை வச்சே பாதிப் பித்தலாட்டத்தைக் கண்டுபிடிச்சுடலாம். செடியில இருந்தோ விலங்குல இருந்தோ வர்ற உரத்துல ரொம்ப சத்தானதுன்னா ரத்தத் தூளும் இறகுத் தூளும்தான், அதுவே 12, 13 பக்கத்துலதான் நிக்கும். கடலைப் புண்ணாக்கு 7 போல, வேப்பம் புண்ணாக்கு 5 போல, ஆமணக்குப் புண்ணாக்கு 4 சொச்சம், நல்லா காய்ஞ்ச கோழி எரு 3 போல, மண்புழு உரம் 1ல இருந்து 2க்குள்ள, மக்கின மாட்டு எரு வெறும் அரை சதவீதம்தான். அப்போ முன்னாடி ஆர்கானிக்னு பெருசா எழுதி பின்னாடி 20-5-10னு போட்டிருந்தா அதுக்குள்ள யூரியா மாதிரி ஏதோ ஒண்ணு கலந்திருக்கு, அவ்வளவுதான். "ஆர்கானிக் பேஸ்டு"ன்னு, அதாவது ஆர்கானிக்கை அடிப்படையா வச்சதுன்னு, எழுதியிருக்குற நிறைய மூட்டை இந்த ரகம். யூரியா போடுறது தப்பா சரியாங்குறது வேற பேச்சு, அவங்கவங்க விருப்பம், ஆனா அது வேண்டாம்னு நினைச்சு காசு கூடக் கொடுத்து வாங்குறவர்கிட்ட அதையே கலந்து கொடுக்குறது நியாயமே இல்ல.

சரி, நம்பர் தெரிஞ்சுபோச்சு, அடுத்தது அளவு. இங்கதான் கடையில கேட்டா "ரெண்டு கை அள்ளித் தூவுங்க"ன்னு சொல்லிடுறாங்க. புல்தரைக்கு உரக் கணக்கு மூட்டையில இல்ல, தழைச்சத்துல. ஒரு தடவைக்கு 1000 சதுர அடிக்கு அரை கிலோ தழைச்சத்து, அதுக்கு மேல வேண்டாம், இது பொதுவா எல்லாரும் ஒத்துக்குற அளவு. 5 நம்பர் உள்ள வேப்பம் புண்ணாக்குன்னா அரை கிலோ தழைச்சத்துக்கு பத்து கிலோ போடணும். 1.5 உள்ள மண்புழு உரம்னா முப்பத்து மூணு கிலோ. அரை சதவீத மாட்டு எருன்னா நூறு கிலோ! இப்போ யோசிச்சுப் பாருங்க, ரெண்டு கிலோ மண்புழு உர பாக்கெட்டை வாங்கி பெரிய புல்தரை முழுக்கத் தூவிட்டு "ஆர்கானிக் போட்டேன், ஒண்ணும் நடக்கல"ன்னு சொல்றவங்க எத்தனை பேர், அவங்க மேலயும் தப்பு இல்ல, உரத்து மேலயும் தப்பு இல்ல, அளவைச் சொல்லாம வித்தவங்க மேலதான் தப்பு.

வருஷத்துக்கு எத்தனை தடவைங்குறது புல்லைப் பொறுத்தது. அருகம்புல் வகை மாதிரி வெயில்ல வேகமா வளர்ற புல்லுக்கு வருஷத்துக்கு 1000 சதுர அடிக்கு ஒரு கிலோவுல இருந்து ரெண்டு கிலோ தழைச்சத்து வரைக்கும் போகலாம், பிரிச்சுப் பிரிச்சு, அது வளர்ற வெயில் காலத்துல. குளிர் பிரதேசத்துப் புல்லுக்கு இலையுதிர் காலத்துலதான் முக்கியமா போடணும். நிழல்ல இருக்குற புல்லுக்குப் பாதி போதும்.

விலையையும் இதே கணக்குல பாருங்க. மூட்டை விலையை மூட்டை விலையோட ஒப்பிடாதீங்க. மூட்டையோட எடையை முதல் நம்பரால பெருக்கி நூறால வகுத்தா உள்ள எத்தனை கிலோ தழைச்சத்துன்னு வந்துடும், விலையை அதால வகுங்க, ஒரு கிலோ தழைச்சத்துக்கு என்ன கொடுக்குறோம்னு அப்பதான் தெரியும். மலிவா தெரிஞ்ச மூட்டை பல நேரம் எல்லாத்தையும் விட விலை கூடினதா வந்து நிக்கும், ஏன்னா அதுல பாதி எடை தண்ணி.

இன்னொரு விஷயம், இது யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். எருவையும் கம்போஸ்டையும் எவ்வளவு போட்டாலும் கெடுதலே இல்லன்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. அப்படி இல்லைங்க. புல்லு மண்ணுல இருந்து எடுத்துக்குற சத்துல தழைச்சத்து நாலு பங்குன்னா மணிச்சத்து ஒரு பங்குதான். ஆனா எருவுல, முக்கியமா கோழி எருவுல, ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கும். அதுலயும் தழைச்சத்து முதல் வருஷம் கொஞ்சம்தான் வெளிய வரும், மக்கின கம்போஸ்ட்ல பத்துல ஒரு பங்கு போலத்தான், மணிச்சத்து அப்படி இல்ல, நிறையவே கிடைச்சுடும். அப்போ தழைச்சத்து போதலையேன்னு வருஷா வருஷம் எருவாவே கொட்டிக்கிட்டு இருந்தா மணிச்சத்து மண்ணுல தேவைக்கு மேல சேர்ந்துக்கிட்டே போகும், மழைக்கு மண்ணோட அடிச்சுக்கிட்டு வாய்க்காலுக்குப் போகும், குளத்துக்குப் போகும், அங்க பாசி மண்டும், பாசி செத்து அழுகும்போது தண்ணியில இருக்குற ஆக்சிஜன் போய் மீன் சாகும். அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ஏரிகள் இப்படிக் கெடுதுன்னுதான் 2002ல சட்டம் போட்டு, 2005ல இருந்து மாநிலம் முழுக்க, புதுசா புல் போடுறவங்களும் மண் பரிசோதனையில குறைவுன்னு வந்தவங்களும் தவிர பெரும்பாலும் மத்தவங்க புல்தரைக்கு மணிச்சத்து உரம் போடவே கூடாதுன்னு வச்சிருக்காங்க. ஏற்கெனவே வேர் பிடிச்சு வளர்ந்த புல்தரைக்குப் பெரும்பாலும் மணிச்சத்து தனியா தேவைப்படுறதே இல்ல. எலும்புத் தூள்ல மணிச்சத்து இருபதுக்கு மேல இருக்கும், அதைப் போய் புல்தரைக்கு நல்லதுன்னு விக்கிறாங்க, மண்ணைச் சோதிக்காம அதை வாங்கவே வாங்காதீங்க.

அதுக்காக கம்போஸ்ட் வேண்டாம்னு சொல்லல. கம்போஸ்ட் உரம்ங்குறதை விட மண்ணைச் சரி பண்ற பொருள், அந்தக் கணக்குல போடணும். இறுகிப் போன மண்ணுல சலிச்ச கம்போஸ்டைக் கால் அங்குல கனத்துக்குத் தூவி, விளக்குமாறால புல்லுக்கு இடையில தள்ளி விட்டா மண்ணு பொலபொலன்னு ஆகும், ஈரம் தங்கும், மண்புழு வரும். 1000 சதுர அடிக்கு இதுக்கே அரை கன மீட்டருக்கு மேல வேணும், அதனால பாக்கெட்ல வாங்காம மொத்தமா வாங்குறதுதான் கட்டுப்படியாகும். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் மண்ணுக்குத் தேவைப்பட்டா மட்டும், போதும். பசிக்குப் புண்ணாக்கு, மண்ணுக்குக் கம்போஸ்ட்னு பிரிச்சு வச்சுக்கிட்டா குழப்பமே வராது. கடல்பாசி சாறு, ஹியூமிக் அமிலம் இதெல்லாம் டானிக் மாதிரி, சாப்பாட்டுக்கு பதிலா டானிக் குடிச்சு யாரும் வயிறு நிறைஞ்சது இல்ல.

கம்போஸ்ட் வாங்கும்போது ஒரு பிடி கையில எடுத்துப் பாருங்கன்னு எல்லாரையும் கேட்டுக்குறேன். மூட்டையா இருந்தா ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்க, நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். இறுக்கிப் பிழிஞ்சா உருண்டையா நிக்கணும், விரலால தட்டினா உதிரணும், தண்ணி சொட்டினா நீங்க தண்ணிக்குத்தான் காசு கொடுக்குறீங்க. மோந்து பார்த்தா முதல் மழை பேஞ்ச மண் வாசனை வரணும், அது மக்க வைக்கிற நுண்ணுயிர்ல ஒரு வகை வெளிய விடுற வாசனை, அந்த வாசனை இருந்தா மக்கல் ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம். மூக்கைக் குத்துற அமோனியா நெடி அடிச்சா இன்னும் மக்கல, போட்டா புல்லு கருகும். அழுகின முட்டை நாத்தம்னா காத்துப் படாம கெட்டுப்போச்சு. கையை மூட்டைக்கு நடுவுல விட்டுப் பார்க்கும்போது கதகதன்னு சூடா இருந்தாலும் அது இன்னும் வெந்துக்கிட்டுத்தான் இருக்கு. மரத்தூள் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு இருந்தா அதையும் தள்ளி வையுங்க, கார்பன் தழைச்சத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல இருந்துச்சுன்னா அதை மக்க வைக்க நுண்ணுயிர் மண்ணுல இருக்குற தழைச்சத்தையே எடுத்துக்கும், உரம் போட்ட பிறகு புல்லு பச்சையாகாம மஞ்சளாகிப் போறது பல நேரம் இதனாலதான். இருபதுக்குக் கீழ இருந்தா நல்லது, நல்ல கம்பெனிங்க இந்தக் கணக்கையும் பின்னாடி போடுவாங்க.

இன்னொரு சோதனை இருக்கு, வெளிய இருந்து எருவோ கம்போஸ்டோ லோடு கணக்குல இறக்குறவங்க கட்டாயம் பண்ணணும். ஒரு தொட்டியில பாதி கம்போஸ்ட் பாதி மண்ணு, இன்னொரு தொட்டியில வெறும் மண்ணு, ரெண்டுலயும் அவரை விதையோ பட்டாணியோ போட்டு ரெண்டு மூணு வாரம் பாருங்க. கம்போஸ்ட் தொட்டியில இலை கிண்ணம் மாதிரி சுருண்டு, தண்டு முறுக்கிக்கிட்டு வந்தா அதுல களைக்கொல்லி மிச்சம் இருக்குன்னு அர்த்தம். குளோபைராலிட், அமினோபைராலிட்னு ரெண்டு மருந்து, இதை மேய்ச்சல் நிலத்துல அடிச்சா அந்தப் புல்லைத் தின்ன மாட்டோட குதிரையோட வயித்துக்குள்ள போயும் அழியாம சாணத்துல வெளிய வரும், கம்போஸ்ட் ஆன பிறகும் இருக்கும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கம்போஸ்ட் போட்ட தோட்டத்துல தக்காளியும் அவரையும் சுருண்டு போய்தான் 2000 வாக்குல இது வெளிய வந்துச்சு. இதுல மோசம் என்னன்னா இந்த மருந்து புல்லை ஒண்ணும் பண்ணாது, புல்தரை செழிப்பாவே இருக்கும், அதே எருவை நாலு கூடை அள்ளி காய்கறிப் பாத்தியில போடும்போதுதான் மொத்தமும் போகும். அதனால எரு கொடுக்குறவர்கிட்ட, வைக்கோல், தீவனம் எங்க இருந்து வருது, என்ன மருந்து அடிச்சதுன்னு கூச்சப்படாம கேளுங்க.

அடுத்து பாதுகாப்பு. இதைப் பத்தி எழுதும்போது எனக்கு நிஜமாவே கோபம் வருது. ஆர்கானிக்னா குழந்தைக்கும் நாய்க்கும் ஒண்ணும் ஆகாதுன்னு மூட்டையில குழந்தை படத்தையும் நாய் படத்தையும் போட்டு விக்கிறாங்க. ஆமணக்கு விதையில ரைசின்னு ஒரு கொடிய விஷம் இருக்கு, எண்ணெய் எடுத்த பிறகு அது எண்ணெயோட போறது இல்ல, புண்ணாக்குலயே தங்கிடும். நல்லா சூடு காட்டினாத்தான் அது செயலிழக்கும், சூடு சரியா காட்டினாங்களான்னு மூட்டையைப் பார்த்து யாருக்கும் தெரியாது. அதோட வாசனைக்கு நாய் போய் நக்கும், தின்னும், ஆமணக்குப் புண்ணாக்கு தின்னு நாய்கள் செத்திருக்கு. வீட்டுல நாய் இருக்கா, தவழுற குழந்தை இருக்கா, ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம், "கலப்புப் புண்ணாக்கு உரம்"னு விக்கிறதுல அது இருக்கான்னு கேட்டு வாங்குங்க. ரத்தத் தூளும் எலும்புத் தூளும் விஷம் இல்ல, ஆனா நாய் மூட்டையைக் கிழிச்சு வாரித் தின்னா வயித்துல கட்டியாகி அடைச்சுக்கும், அதனால மூட்டையை உயரத்துல வையுங்க, புல்தரையில போட்ட உடனே தண்ணி விட்டு உள்ள இறக்குங்க.

பச்சை எரு, அதாவது மக்காத சாணம், கோழி எரு, இதைப் புல்தரையில போடவே கூடாது. அதுல ஈகோலை, சால்மோனெல்லா கிருமிங்க இருக்கும், குழந்தைங்க அந்தப் புல்லுலதானே உருளுது. களை விதையும் கூடவே வரும். எருக்குவியல் உள்ள 55 டிகிரி சூட்டைத் தாண்டி பல நாள் இருக்கணும், நடுநடுவுல புரட்டி வெளிப்பக்கத்தை உள்ள தள்ளணும், அப்பதான் கிருமியும் விதையும் சாகும். எத்தனை நாள் மக்க வச்சீங்க, எத்தனை தடவை புரட்டினீங்கன்னு கேட்டா நேர்மையா பண்றவர் டக்குனு பதில் சொல்லிடுவார்.

ஆர்கானிக்ங்குற பேருக்கும் சான்றிதழுக்கும் உள்ள இடைவெளிக்கு ஒரு உதாரணம். அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல 1926ல இருந்து சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணும்போது மிஞ்சுற கசடைக் காய வச்சு குருணையாக்கி மில்ஆர்கனைட்னு விக்கிறாங்க, புல்தரைக்காரங்க மத்தியில பேர் போன உரம், மறைச்சும் விக்கல, என்னன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. ஆனா அதே நாட்டு விவசாயத் துறையோட ஆர்கானிக் விதிப்படி கழிவுநீர்க் கசடைச் சான்றிதழ் வாங்கின பண்ணையில போடக்கூடாது. ரெண்டுமே சட்டப்படி சரிதான், ஏன்னா பேர் வேற, சான்றிதழ் வேற. எந்த ஊர்ல இருந்தாலும் இதைக் கவனிங்க, மூட்டையில சான்றிதழ் முத்திரை இருக்கா, கொடுத்தது யாரு, நம்பர் போட்டிருக்கா, அந்த நம்பரைக் கொடுத்தவங்ககிட்ட சரிபார்க்க முடியுதா. கசடு உரமோ ஊர்க் குப்பை கம்போஸ்ட்டோ வாங்கினா ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களுக்கு லேப் ரிப்போர்ட் கேளுங்க.

களை முளைக்காம இருக்க மக்காச்சோள குளூட்டன் தூளை, அதாவது மக்காச்சோளத்துல மாவு எடுத்த பிறகு மிஞ்சுற புரதத் தூளை, போடுங்கன்னு சிலர் சொல்றாங்க. அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டியில புல் ஆராய்ச்சி பண்ண நிக் கிறிஸ்டியன்ஸ் கண்டுபிடிச்சு 1991ல பேடன்ட் வாங்கின விஷயம், உண்மைதான், முளைக்கிற விதையை வேர் விடாம தடுக்கும், தழைச்சத்தும் 10 பக்கம் இருக்கு. ஆனா வளர்ந்து நிக்கிற களையை ஒண்ணும் பண்ணாது, நீங்க புதுசா தூவின புல் விதையையும் சேர்த்துத் தடுத்துடும், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பலன் வந்ததும் இல்ல. நம்பி நிறைய செலவு பண்ண வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

இவ்வளவும் வாங்குறதுக்கு முன்னாடி புல்லுக்கு உரம்தான் வேணுமான்னு பாருங்க. குனிஞ்சு ஒரு புல்லைக் கையில பிடிச்சுப் பாருங்க, அடியில இருக்குற பழைய இலை முதல்ல மஞ்சளாகியிருந்தா தழைச்சத்து குறைவு. மேல வர்ற புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரிஞ்சா அது இரும்புச்சத்துக் குறைவு, மண்ணுல கார அளவு கூடிப்போய் இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியல, இதுக்கு எத்தனை மூட்டை புண்ணாக்கு போட்டும் பிரயோஜனம் இல்ல, இதுல அடுப்புச் சாம்பலைப் போட்டா இன்னும் மோசமாகும், ஏன்னா சாம்பலே காரம். மண் பரிசோதனை ஒண்ணு பண்ணிட்டா இந்தத் தலைவலியே இல்ல. பிஎச், அதாவது மண்ணோட அமில கார அளவு, 6ல இருந்து 7 வரைக்கும் இருந்தா புல்லுக்கு நல்லது.

ஆர்கானிக் உரத்துக்குப் பொறுமை வேணும், இதையும் விக்கிறவங்க சொல்றது இல்ல. புண்ணாக்கு அப்படியே வேருக்குள்ள போறது இல்லைங்க, மண்ணுல இருக்குற நுண்ணுயிர் அதைத் தின்னு உடைச்சுத் தரணும், அதுக்கு ஈரம் வேணும், சூடு வேணும், மண்ணு 10 டிகிரிக்குக் கீழ குளிர்ந்து கிடந்தா வேலையே ஓடாது. வெதுவெதுப்பான மண்ணுலயே பச்சை தெரிய ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும். ஒரு வாரம் பார்த்துட்டு ஒண்ணும் தெரியலையேன்னு மறுபடி கொட்டினா ரெண்டும் சேர்ந்து ஒரே சமயத்துல வெளிய வரும், புல்லு தேவையில்லாம உயர்ந்து நோய் பிடிக்கும்.

எங்க தேடுறதுன்னு கேட்டா, முதல்ல உங்க புல் வெட்டுற மெஷின்ல தேடுங்க. வெட்டின புல்லை அள்ளி வெளிய கொட்டாம அங்கேயே விட்டா புல்லுக்கு வருஷத்துக்கு வேண்டிய தழைச்சத்துல கால் பங்கு போல அதுவே கொடுத்துடும். அதனால அடியில படலம் கட்டிக்கும்னு பயப்படுறாங்க, தேவையே இல்ல, வெட்டின இலை சீக்கிரம் மக்கிடும், படலம் கட்டுறது பெரும்பாலும் தண்டும் வேரும்தான். உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில வெட்டாம இருந்தா போதும். புல்லோட கொஞ்சம் குளோவர்ங்குற பயறு வகைச் செடியைக் கலந்து விட்டா அது காத்துல இருக்குற நைட்ரஜனை வேர் முடிச்சுல பிடிச்சு வைக்கும், அதுவும் ஒரு உரம்தான்.

அதுக்கும் மேல வேணும்னா தோட்ட அலங்காரக் கடைக்கு முன்னாடி விவசாயிங்க உரம் வாங்குற கடைக்குப் போங்க, அதே புண்ணாக்கு பெரிய மூட்டையில, படம் இல்லாம, நம்பரோட கிடைக்கும். எண்ணெய் ஆட்டுற இடத்துல நேரா கேட்டாலும் கொடுப்பாங்க. அப்படி வாங்கின புண்ணாக்கைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில கலக்கி வையுங்க, மணல் கலந்திருந்தா அடியில தனியா படிஞ்சு காட்டிக் கொடுத்துடும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா பின்பக்க போட்டோ இருக்குற பொருளை மட்டும் பாருங்க, இல்லன்னா விக்கிறவர்கிட்ட கேளுங்க, தராட்டி வேண்டாம். அசோஸ்பைரில்லம் மாதிரி நுண்ணுயிர் இருக்குற உயிர் உரம்னா தயாரிச்ச தேதி முக்கியம், அது உயிரோட இருக்குற பொருள், வெயில்ல அடுக்கி வச்சிருந்தா உள்ள ஒண்ணும் மிஞ்சியிருக்காது.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. தோட்டப் பக்கத்துல இனிமே எந்த உரத்தைச் சொன்னாலும் அதோட மூணு நம்பரும், எதுல இருந்து செஞ்சது, 1000 சதுர அடிக்கு எத்தனை கிலோங்குறதும் சேர்த்துப் போடுங்க, இதுக்கு ரெண்டு வரி இடம் போதும். அடுத்தது, உர விளம்பரம் கொடுக்குற கம்பெனிங்ககிட்ட அந்த நம்பரையும், உள்ள என்னென்ன கலந்திருக்குங்குறதையும், ஆமணக்கு இருந்தா நாய்க்கு ஆகாதுங்குற எச்சரிக்கையையும் விளம்பரத்துலயே போடச் சொல்லிக் கேளுங்க. ஒரு வாசகர் தனியா கேட்டா பதில் வராது, பேப்பர் கேட்டா வரும். போட மறுக்குறவங்க யாருன்னு தெரிஞ்சா அதுவும் வாசகர்களுக்கு ஒரு தகவல்தான்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டப் பக்கத்து வாசகர்